உவரிக் கடற்கரைக்கு வருவோர் கவனத்துக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

விடுமுறை நாள்களில் திருநெல்வேலி மாவட்டத்தின் உவரி, கூடுதாழை கடற்கரைகளுக்குக் கூட்டம் வருவது மகிழ்ச்சியே. ஆனால் ஆமைகள் முட்டையிடும் கரையும் மணல்மேடுகளும் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை என்பதை வருவோரில் பலர் அறியார். பங்குனி ஆமை ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் கரையேறி, மணலைத் தோண்டி ஏறத்தாழ நூறு முட்டைகள் இட்டு மூடிச் செல்கிறது. ஏறத்தாழ 50 நாள்களில் வெளிவரும் குஞ்சுகள், கடலின் வெளிச்சத்தை நாடிப் போக வேண்டியவை, வண்டிகளின் முகப்பு விளக்கைக் கண்டு ஊர்ப்பக்கம் திரும்பிவிடுகின்றன. சக்கரத் தடத்தில் விழுந்த குஞ்சு மேலேற இயலாமல் அங்கேயே வெயிலில் காய்ந்துவிடும்.

குளிப்போர் நிலையும் கவலைக்குரியது. தெற்கே நெடுந்தொலைவில் எழும் புயலின் அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளிலும் ‘கள்ளக்கடல்’ எனத் திடீரெனக் கரையேறும். ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரிக்கிறது. எச்சரிக்கை உள்ள நாளில் முழங்கால் அளவுத் தண்ணீரிலும் இறங்கலாகாது. சுயம்புலிங்க சுவாமிக்கு நேர்ந்துகொண்டு நீராட வருவோர், உள்ளூர் மீனவரைக் கேட்டு இறங்குவது நல்லது (எச்சரிக்கைப் பலகையில் எழுதியிருப்பதைவிட அவர்கள் சொல் எனக்கு நம்பிக்கை தருகிறது).

முட்டையிடும் காலத்தில் மணலில் வாகனங்கள் இறங்காதபடி தடுப்பு அமைக்கவும், கள்ளக்கடல் எச்சரிக்கையைத் திசையன்விளைப் பேருந்து நிலையத்திலேயே அறிவிக்கவும் மாவட்ட நிர்வாகம் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
திசையன்விளை.