கோட்டுக்கு வெளியே நிற்பது

கொழிஞ்சாம்பாறை
ஞாயிறு இரவு

அன்புள்ள கண்ணு,

நேற்று போனில் உனக்குப் பாதிப் பதில்தான் சொன்னேன். நீ வழிகாட்டும் பள்ளி ரோபோ டீமில், ரோபோவுக்கு வயரிங் போடப் பிள்ளைகள் மூன்று நாள் எடுக்கிறார்கள், மென்டர்களான பெரியவர்கள் நீங்கள் உட்கார்ந்தால் ஒரே ராத்திரியில் முடியும், போட்டியும் நெருங்குகிறது, என்ன செய்யட்டும் என்று கேட்டாய். "அவங்ககிட்டயே விடு" என்றேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

நான் கோ-கோ டீமைப் பார்த்துக்கொண்ட வருஷங்கள் உனக்கு ஞாபகம் இருக்கும். விரட்டும் பக்கம் எட்டுப் பேர் மாறி மாறி எதிர்த்திசை பார்த்து உட்கார்ந்திருப்பார்கள், ஒன்பதாவது ஆள்தான் ஓடுவாள். அவள் பின்னால் வந்து தொட்டு "கோ" சொன்ன பிறகுதான் உட்கார்ந்தவள் எழலாம். நான் கோட்டுக்கு வெளியே நின்று "இப்பக் குடு, இப்பக் குடு" என்று கத்துவேன். ஓடுகிறவள் என் குரலுக்குக் காத்திருப்பாள். அந்த ஒரு நொடியில் எதிராளி தப்பிவிடுவாள். மூன்று வருஷம் சப்-ஜில்லா அளவிலான பள்ளிப் போட்டியைத் தாண்டவில்லை. பிள்ளைகளுக்குத் திறமை போதவில்லை என்றே நினைத்திருந்தேன்.

அப்புறம் டைபாய்டு வந்து ஒரு மாதம் படுத்தேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டாம் வகுப்பைப் பழக்கினார்கள். திரும்பிப் போன அன்று, கம்பத்தை ஒட்டிப் பாய்ந்து விழுந்து எதிராளியைத் தொடும் 'போல் டைவ்' பயிற்சி நடந்துகொண்டிருந்தது. "முதல்ல முட்டி போட்டு விழுந்து பழகு, போன வருஷம் நான் தாடையிலதான் விழுந்தேன்" என்று ஒருத்தி சொல்லிக்கொடுத்தாள். எனக்கு அப்படிச் சொல்லத் தோன்றியதே இல்லை. நான் விழுந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது, விழுவதற்கு முன் வருகிற பயம் எனக்கு மறந்தே போயிருந்தது.

ஆனால் அதே மாதத்தில் இரண்டு சின்னப் பிள்ளைகள் டீமை விட்டு நின்றிருந்தார்கள். மூத்தவர்கள் அவர்களைத் தண்ணீர் சுமக்க மட்டும் வைத்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்த்தான் இது தெரிந்தது. இன்றும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

டீச்சர் டிரெயினிங்கில் படித்தது ஒன்று. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-இல் எழும்பூர் அநாதை விடுதிப் பள்ளிக்கு வந்தவர். நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து, தன் பள்ளியிலும் அப்படிச் சொல்லித்தரச் சொன்னார். உதவி ஆசிரியர்கள் முகம் கொடுக்கவில்லை. எட்டு வயது ஜான் ஃபிரிஸ்கனிடம் அந்த வகுப்பைக் கொடுத்தார், நடந்தது. திண்ணைப் பள்ளியில் இப்படி மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்த மாணவன் சட்டாம்பிள்ளை. இங்கே மலையாளத்தில் சட்டம்பி. கேரளத்துத் துறவி சட்டம்பி சுவாமிகளுக்கு அந்தப் பெயர் வந்ததே படித்த இடத்தில் மாணவர் தலைவராக இருந்ததால்தான். இன்று நம் கடைவீதியில் சட்டம்பி என்றால் ரவுடி. யாரும் பார்த்துக்கொள்ளாவிட்டால் மாணவர் தலைவன் ரவுடியாக எத்தனை நாள் ஆகும், சொல்?

அதனால் அதற்குப் பிறகு கற்றுக்கொடுப்பதை மூத்தவர்களிடமே விட்டேன். நான் கோட்டுக்கு வெளியேதான் நின்றேன், ஆனால் வாயை மூடிக் கண்ணைத் திறந்துகொண்டு. கடைசிப் பத்து நிமிஷம் எல்லாரிலும் சின்னவளைக் கூப்பிட்டு, இன்று என்ன கற்றாய், யாரிடம் கற்றாய் என்று கேட்பேன். யார் யாருக்குச் சொல்லித்தருவது என்பதை வாராவாரம் மாற்றுவேன்.

உங்கள் போட்டியில் ரோபோவை ஓட்டுகிறவர்கள் மாணவர்கள்தான், பக்கத்தில் நிற்கும் கோச் பெரியவராகவும் இருக்கலாம் என்றாயே. அந்த இடத்தையும் ஒரு பிள்ளைக்குக் கொடுத்துப் பார். ரம்பமும் டிரில்லும் ஓடும்போது மட்டும் கிட்டேயே நில், அதில் விட்டுக்கொடுக்காதே. வயரிங் தப்பாகப் போனால் போகட்டும். நீ ராத்திரியில் முடித்து வைத்தால் ரோபோ ஓடும், ஆனால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போனதும் அடுத்த வருஷப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆள் இருக்காது.

பின்னாலேயே நின்று பார்க்கிற ஒரு ஒன்பதாம் வகுப்புப் பெண்ணைப் பற்றிச் சொன்னாயே, அவளுக்கு யார் சொல்லித்தருகிறார்கள்? அடுத்த தடவை கூப்பிடும்போது அதை முதலில் சொல்.

இங்கே பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னலை விடாமல் அடிக்கிறது. அப்பா நலம். நீ ஸ்வெட்டர் இல்லாமல் வெளியே போகாதே.

அம்மா