கப்பல் தலைவனைத் தேர்ந்தெடுத்த குழந்தைகள்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு வேட்பாளர்களும் பதவியில் இருந்தபோது எந்தெந்தச் சட்டத்துக்கு எப்படி வாக்களித்தார்கள் என்று நீ அட்டவணை போட்டு நண்பர்களிடம் காட்டியதையும், அதைப் பார்த்த பின்னரும் அவர்கள் "இருக்கட்டும், இவர்தான் நல்ல மனிதராகத் தெரிகிறார்" என்று சொன்னதையும் படித்தேன். மக்கள் முட்டாள்கள் என்று நீ முடித்திருந்த வரியில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஒருவர் செய்த பணியின் கணக்கை நீ நினைப்பதுபோல் எளிதாகப் படித்துவிட முடியாது. வேலைவாய்ப்பு பெருகினால், அது இந்த அரசின் வரிக்கொள்கையாலா, முந்தைய அரசு போட்ட அடித்தளத்தாலா, உலகச் சந்தை ஏறியதாலா என்று பொருளாதார அறிஞர்களே ஆண்டுக்கணக்கில் வாதிடுகிறார்கள். தன் ஒரு வாக்கால் முடிவு மாறிவிடப் போவதில்லை என்று அறிந்தவர் நாள்கணக்கில் ஆவணங்களைப் புரட்டாமல் இருப்பதும் ஒருவகைக் கணக்குத்தான் என்பதை அந்தோனி டவுன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் 1957இலேயே விளக்கிவிட்டார். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. 2020இல் உலகை முடக்கிய தொற்று, 2019இல் அச்சான எந்தத் தேர்தல் அறிக்கையிலும் இல்லை. இன்னும் எழாத சிக்கலை யார் எப்படிக் கையாள்வார் என்று ஊகிக்க வேண்டியிருக்கும்போது, அவர் எதை மதிக்கிறார், யாருக்காக இரங்குகிறார், நெருக்கடியில் வளைந்துவிடுவாரா என்று பார்ப்பதைவிட வாக்காளருக்கு வேறு என்ன வழி இருக்கிறது?

1976இல் அமெரிக்க அதிபர் ஜெரால்டு ஃபோர்டு டெக்சாஸில் பிரசாரம் செய்தபோது, சோளமடலில் பொதிந்து வேகவைக்கும் தமாலி என்ற மெக்சிக உணவை மடலை உரிக்காமலே கடித்துவிட்டார். சிரித்துவிட்டுப் போக வேண்டிய செய்திதான். ஆனால், சாமுவேல் பாப்கின் என்ற அரசியல் அறிஞர் அப்படி விட்டுவிடவில்லை. நம் உணவை உண்ணவே பழகாதவர் நம் வாழ்க்கையை அறிந்திருப்பாரா என்று மெக்சிக வம்சாவளி வாக்காளர்கள் ஐயுறுவதில் ஒரு நியாயம் இருக்கிறது என்பது அவர் வாதம்.

இவ்வளவு சொன்னாலும், உன் கோபத்தில் பாதி சரியானதே. மடலை உரிக்க ஒரு வேட்பாளருக்கு ஒரே மாலையில் கற்றுக்கொடுத்துவிடலாம் அல்லவா? 2009இல் வெளியான ஓர் ஆய்வில், சுவிட்சர்லாந்துக் குழந்தைகளிடம் இரண்டிரண்டு முகங்களைக் காட்டி, கப்பல் பயணத்துக்கு யாரைத் தலைவராக்குவாய் என்று கேட்டார்கள். அவை பிரான்சின் நாடாளுமன்றத் தேர்தலில் நேருக்கு நேர் நின்றவர்களின் படங்கள் என்பது அந்தக் குழந்தைகளுக்குத் தெரியாது. குழந்தைகள் தேர்ந்தெடுத்த முகங்களில் ஏறக்குறைய 70 விழுக்காடு உண்மையில் வென்றவர்களுடையவை. இதைப் படித்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. நானும் ஒருமுறை, குரலின் கனிவுக்காகவே ஒருவருக்கு வாக்களித்துவிட்டு, பிறகு அவர் கொள்கைகளே என் கொள்கைகள் என்று ஆண்டுக்கணக்கில் வாதாடியவள். பலருக்கும் நடப்பது இதுதான் என்கிறார் அரசியல் அறிஞர் கேப்ரியல் லென்ஸ்: கொள்கையைப் பார்த்துத் தலைவரைத் தேர்வதைவிட, தலைவரைப் பிடித்த பின் அவருடைய கொள்கையை ஏற்றுக்கொள்வதே அதிகம் என்பதை அவருடைய ஆய்வுகள் காட்டின.

ஆகவே உன் நண்பர்கள் கேட்ட கேள்வியைக் குறை சொல்லாதே. 'இவர் எப்படிப்பட்டவர்' என்பது கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கான விடையை அவர்கள் முகத்தில் தேடுகிறார்கள், உன் அட்டவணையோ அதற்கு விடையே சொல்லாமல் சட்டங்களின் பெயர்களை அடுக்குகிறது. அதில் இன்னொரு வரிசை சேர்த்துப் பார்: தான் போற்றுவதாக மேடையில் சொன்ன ஒன்றுக்காக, தன் கட்சியின் விருப்பத்துக்கு எதிராகவோ தனக்கே இழப்பு வரும் என்று தெரிந்தோ ஒவ்வொருவரும் வாக்களித்த நாள்கள் எவை? அந்த வரிசை இருவருக்குமே வெறுமையாக இருக்கலாம். எப்படி இருந்தாலும், நண்பர்களிடம் காட்டுவதற்கு முன் எனக்கு ஒரு படி அனுப்பு.

அன்புடன்,
அம்மா