ஹைடெக் லேபுக்கு வாரம் ஒரு பாடவேளை: தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நான் ஒரு கணிதப் பட்டதாரி ஆசிரியை. இந்த மடலை அமைச்சருக்கோ இயக்குநருக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நான் கேட்கப் போவதற்கு அரசாணையோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. கால அட்டவணையில் உங்கள் கையெழுத்து போதும். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை ஒவ்வொரு பிரிவுக்கும் வாரத்தில் ஒரு பாடவேளை, பள்ளியின் கணினி ஆய்வகமான ஹைடெக் லேபில் கொடுங்கள். அந்த நேரத்தில் கணினி மாணவர்களின் கையில் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 6,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் இந்த ஆய்வகம் உண்டு. ஆனால் பல இடங்களில் லேப் என்றதும் நினைவுக்கு வருவது எமிஸ் எனும் மாணவர் விவரத் தளத்தில் செய்யும் பதிவும் இணையவழித் தேர்வும்தான். மற்ற நேரத்தில் கதவு பூட்டியிருக்கிறது. உங்கள் பயமும் எனக்குப் புரிகிறது. இருப்புப் பதிவேட்டில் கையெழுத்து போட்டவர் நீங்கள். ஒரு மவுஸ் காணாமல் போனாலும் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். இருந்தாலும், பூட்டியே கிடக்கும் கணினியும் சில வருடங்களில் பழையதாகிவிடும். யாரும் தொடாமலேயே அது பழையதாவதுதான் எனக்கு வேதனையாக இருக்கிறது.

2018 முதல் வந்த நம் பாடநூல்களைப் புரட்டிப் பாருங்கள். கணிதப் புத்தகத்தில் பாடங்களின் முடிவில் 'இணையச் செயல்பாடு' என்று ஒரு பக்கம் வரும். வரைபடங்களைக் கணினியில் வரைந்து நகர்த்திப் பார்க்க உதவும் ஜியோஜீப்ரா மென்பொருளின் பணித்தாளுக்கான இணைப்பும் கியூஆர் கோடும் அதிலேயே இருக்கும். பாடத்திட்டக் குழு செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. தேர்வில் வராது என்பதால் நாம்தான் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகிறோம்.

தேர்வுக்கு உதவாது என்பதும் உண்மையில்லை. பத்தாம் வகுப்பில் எட்டு மதிப்பெண் வரைபடக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் எக்ஸ் மைனஸ் 2. அட்டவணை போட்டு, புள்ளி குறித்து, வளைவரை வரைந்து முடிப்பதற்குள் பாதிப் பிள்ளைகளுக்கு மணி அடித்துவிடும். ஒரு பாடவேளைக்கு ஒரு வரைபடம்தான். ஜியோஜீப்ராவில் அதே கோவையைப் போட்டு, அந்த மைனஸ் 2 இருக்கும் இடத்தில் எண்ணை மாற்றும் ஒரு ஸ்லைடரை வைத்து, மதிப்பு கூடும்படி மெல்ல நகர்த்தச் சொல்லுங்கள். வளைவரை மேலே ஏறும். எக்ஸ் அச்சை வெட்டுகிற இரண்டு புள்ளிகளும் ஒன்றையொன்று நெருங்கும். 0.25 வந்ததும் இரண்டும் ஒன்றாகிவிடும். அதற்கும் மேலே போனால் வளைவரை அச்சைத் தொடாமலேயே நிற்கும். மூலங்கள் எப்படிப்பட்டவை என்று சொல்லும் தன்மைகாட்டி பூச்சியமானால் சம மூலங்கள், குறை எண்ணானால் மெய் மூலங்கள் இல்லை என்று மனப்பாடமாக ஒப்பித்த பிள்ளை, அதைத் தன் விரலால் நகர்த்திப் பார்க்கிறது. வர்க்க உறுப்பின் குறியை மாற்றினால் வளைவரை ஏன் கவிழ்கிறது என்று அடுத்த கேள்வியை அதுவே கேட்கும். அப்புறம் வரைபடத்தாளில் கையால் வரையட்டும். தாளை விடச் சொல்லவில்லை. எதை வரைகிறோம் என்று தெரிந்து வரையட்டும் என்கிறேன்.

ஜியோஜீப்ரா 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரின் ஆய்வேட்டு வேலையாகத் தொடங்கியது. இன்றும் வகுப்பறைக்கு இலவசம். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் ஓடும். அறிவியல் ஆசிரியர்களுக்கு, சோதனைகளைத் திரையில் செய்து பார்க்கும் ஃபெட் (PhET) என்ற பாவனையாக்கத் தொகுப்பு இருக்கிறது. இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-இல் தொடங்கியது. அதில் மாணவர் மின்சுற்றைத் தவறாக இணைத்தால் திரையில் மின்கலம் தீப்பிடிக்கும். நிஜ ஆய்வகத்தில் செய்து காட்ட முடியாத குறுக்குச் சுற்றை அங்கே அச்சமில்லாமல் செய்து பார்க்கலாம். இரவு வானத்தைக் காட்ட ஸ்டெல்லேரியம். இணையம் விட்டுவிட்டு வரும் ஊர்களுக்கு கிவிக்ஸ்: தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாக இறக்கிக் கணினியில் வைத்துக்கொண்டால் லேபில் நெட் இல்லாத நாளிலும் திறக்கலாம். அந்தத் தமிழ் விக்கிப்பீடியா 2017-லேயே ஒரு இலட்சம் கட்டுரைகளைத் தாண்டிவிட்டது. நம் பிள்ளைகள் அதைப் படிப்பதோடு நிற்காமல், தங்கள் ஊர்க் கோயிலைப் பற்றியோ ஏரியைப் பற்றியோ ஆதாரத்தோடு நான்கு வரி சேர்க்கவும் செய்யலாம். அதற்குத் தமிழ்99 விசைப்பலகை பழகினால் போதும். ஆறாம் வகுப்பிலேயே பழக்கலாம்.

பக்கத்து மாநிலமான கேரளம் 2001-இல் ஐடி அட் ஸ்கூல் திட்டத்தைத் தொடங்கி, பிறகு, யாரும் தடையின்றிப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருளுக்கு முழுக்க மாறியது. அங்கே பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் தகவல் தொழில்நுட்பம் ஒரு பாடம். பள்ளிகள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதும் ஸ்கூல்விக்கி என்ற தளமும் உண்டு. விலை கொடுத்து வாங்கிய மென்பொருளால் அவர்கள் இங்கே வந்து சேரவில்லை. கால அட்டவணையில் இடம் ஒதுக்கி, ஆசிரியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி கொடுத்ததால் வந்தார்கள்.

இப்போது செயற்கை நுண்ணறிவு. இணையக் கருவிகளையும் ரோபாட்டிக்ஸையும் சேர்த்து டிஎன் ஸ்பார்க் என்ற திட்டம் நம் பள்ளிகளுக்கு வந்திருக்கிறது. நல்லது, வரட்டும். ஆனால் அந்தச் செயலிகளில் பிள்ளைகளை ஆளுக்கொரு பயனர் கணக்கு தொடங்க வைத்துவிடாதீர்கள். 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் குழந்தைதான். குழந்தையின் தகவல்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது அது. மாணவரின் கைபேசி எண்ணைக் கேட்கும் எந்தச் செயலியும், எவ்வளவு இலவசமானாலும், பள்ளிக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மேலே நான் சொன்ன கருவிகளைப் பயன்படுத்த உள்நுழையவே தேவையில்லை.

கேட்ட கேள்விக்குப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவுச் சாட்பாட்டை ஆசிரியர் மட்டும் தன் கணக்கில் திறந்து பெரிய திரையில் காட்டலாம். உங்கள் ஊர் ஏரியைப் பற்றிக் கேளுங்கள். சரளமான தமிழில் ஒரு பதில் வரும். அதில் எது சரி, எது கற்பனை என்று அந்த ஏரிக்கரையில் விளையாடி வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரியும். சந்தேகமான வரிக்கு ஆதாரம் தேடச் சொல்லுங்கள். ஒரு கணக்கைக் கொடுத்து, அது போட்ட படிகளைத் திருத்தவும் சொல்லலாம். சிவப்பு மை பிள்ளைகள் கையில் இருக்கட்டும்.

அடுத்த ஜூனில் கால அட்டவணை போடும்போது உங்கள் பள்ளியின் கணித, அறிவியல் ஆசிரியர்களை அழைத்து, எந்த நாள் எந்தப் பிரிவுக்கு லேப் என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இணையவழித் தேர்வு வரும் வாரங்களில் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். லேப் சாவி தலைமை ஆசிரியர் அறையில் ஒன்று, பொறுப்பு ஆசிரியரிடம் ஒன்று இருக்கட்டும். தொடங்குவதற்கு ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிரிவு மட்டும் என்றாலும் சரி.

மிக்க அன்புடன்,
அரசுப் பள்ளிக் கணித ஆசிரியை ஒருவர்