ரைன்பெக் போகிறவர்கள் கவனத்துக்கு

தோழிகளே, நியூயார்க் மாநில ஆட்டுக் கம்பளித் திருவிழா வழக்கம்போல அக்டோபர் மூன்றாவது சனி, ஞாயிறு, ரைன்பெக்கில் டச்சஸ் கவுண்டி கண்காட்சித் திடலில். போன வருடம் போய்விட்டு வந்ததிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். இந்த நாளுக்கென்றே பின்னிய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு எத்தனையோ பேர் வருவார்கள், முன்பின் தெரியாதவர்கூட நிறுத்தி, கழுத்துப் பக்கம் எப்படிப் பின்னினீர்கள் என்று கேட்பார், அதனால் கையில் இருப்பதைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள்!

கத்தரித்த ரோமம் விற்கும் இடத்தைத் தவறவிடாதீர்கள். கழுவாத ரோமத்தைத் தொட்டால் லானோலின் என்கிற ஆட்டு ரோம மெழுகு விரலில் பிசுபிசுவென்று ஒட்டும், ஆட்டு வாடை வரும், எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. ஒரு சிறு கற்றையை இரு முனையிலும் பிடித்துக் காதருகே வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். டிங்கென்று கேட்டால் உறுதியான இழை, சடசடவென்றால் நூற்கும்போது அறும், வேண்டாம். அப்புறம், கையால் சாயம் போட்ட நூல் என்றால் ஒரு ஸ்வெட்டருக்கு வேண்டிய எல்லாச் சிட்டத்தையும், அதாவது நூல் கட்டுகளையும், ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள். நான் இரண்டு சிட்டம் குறைத்து வாங்கினேன், அதே நீலம் பிறகு கிடைக்கவே இல்லை.

ரயிலில் வருகிறவர்கள் ரைன்கிளிஃப் நிலையத்தில் இறங்குங்கள். காரில் சேர்ந்து போக நினைப்பவர்கள் இந்த ஞாயிறுக்குள் இங்கேயே பெயர் போடுங்கள், சரியா?