எட்டுப் பேரையும் எழுதிவைத்தார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை 'நான்குக்கு ஒன்று', 'மூன்றுக்கு இரண்டு' என்று கபடி ஆட்ட முடிவைப் போல் எழுதி நிறுத்திவிடுகிறீர்கள். மாறுபட்ட நீதிபதி சொன்ன காரணத்தைத் தேடினால் கிடைப்பதில்லை.

ஆங்கிலத்தில் இதை டிசென்ட் என்கிறார்கள். காதில் 'டீசென்ட்' என்று விழுந்து, யாரோ மரியாதையாக நடந்துகொண்டார் போலும் என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்! அவையை விட்டு எழுந்து போகாமல், பெரும்பான்மை முடிவுக்குக் கட்டுப்பட்டு, 'எனக்கு உடன்பாடில்லை, காரணம் இன்னது' என்று தன் பெயரில் பதிவு செய்வதுதான் அது. வெளிநடப்புச் செய்தவருக்குப் படம் போடுகிறீர்கள். உட்கார்ந்து எழுதியவருக்கு அரை வரி.

அந்த அரை வரிக்குள் அடங்கக்கூடியவரா நீதிபதி எச்.ஆர். கன்னா? நெருக்கடி நிலையின்போது, 1976இல், காரணமில்லாமல் சிறையில் அடைக்கப்பட்டவர் நீதிமன்றத்தை அணுகவே முடியாது என்று நான்கு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். ஐந்தாமவரான கன்னா மட்டும் மறுத்து எழுதினார். மறு ஆண்டே, பணிமூப்பில் அவருக்குப் பின்னால் இருந்தவர் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். கன்னா பதவி விலகினார். 2017இல் அந்தரங்க உரிமை வழக்கை விசாரித்த ஒன்பது நீதிபதிகள் அமர்வு, பழைய பெரும்பான்மைத் தீர்ப்பைத் தள்ளிவிட்டு, கன்னா சொன்னதே சரி என்றது. இடையில் நாற்பத்தொரு ஆண்டுகள். அவர் தன் காரணங்களை எழுதிவைத்ததால்தான் அத்தனை காலம் கழித்தும் எடுத்துப் படிக்க முடிந்தது. இனி இத்தகைய தீர்ப்பு வரும்போது மாறுபட்டவரின் வாதத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள்.

நம் புதுச்சேரிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில், இந்தியாவுடன் இணைவது பற்றி மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இணைப்புக்கு ஆதரவு 170, எதிர்ப்பு 8. ஊரே கொண்டாடிய நாளில் அந்த எட்டை யாரும் மறைக்கவில்லை. இன்றும் கீழூர் வரலாற்றைச் சொல்பவர்கள் எட்டையும் சேர்த்தே சொல்கிறார்கள்.

ஆனால் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தில் எல்லாமே 'ஏகமனதாக' நிறைவேறுகிறது. அண்மையில் ஆழ்துளைக் கிணற்றை இன்னும் ஆழப்படுத்துவதென்று பேச்சு வந்தது. ஓர் அம்மையார் எழுந்து, "இப்போது வரும் தண்ணீரிலேயே பருப்பு வேகவில்லை. கடல் பக்கத்தில் இருக்கிறது, இன்னும் இறக்கினால் உப்புத்தான் ஏறும். என் பெயரைப் போட்டு எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். செயலாளரோ, "எதற்கம்மா, நமக்குள் என்ன சண்டை?" என்று சிரித்துக்கொண்டே வழக்கமான சொல்லை எழுதிவிட்டார். நாளைக்குத் தண்ணீர் கரித்தால், முன்பே எச்சரித்தவர் ஒருவர் இருந்தார் என்பதற்குச் சாட்சி ஏது? கிணற்றுக்குப் பணம் கட்டுவதில் மட்டும் அவரும் ஒருவர்.

இயக்குநர் கூட்டத்தில் ஒரு தீர்மானத்துக்கு உடன்படாதவரின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதியே ஆகவேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 118. குடியிருப்போர் சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் இதைத் தங்கள் துணை விதிகளில் சேர்த்துக்கொண்டால் என்ன? அதற்குச் செலவாவது அரைப் பக்கத் தாள்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி