கயலுக்கு, ஃப்ளாட் விஷயமாக

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. நீ அனுப்பிய பெரும்பாக்கம் ஃப்ளாட் படங்களை அம்மாவும் நானும் பார்த்தோம். அவளுக்கு அந்த பால்கனி ரொம்பப் பிடித்துவிட்டது. நேற்று நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மாப்பிள்ளையும் நிதானமாகப் படிக்கட்டும் என்றுதான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன்.

அங்கே இன்னும் அஸ்திவாரத்துக்குத் தூண் இறக்கும் பைலிங் வேலையே முடியவில்லை. நீ பார்த்தது எல்லாம் கம்ப்யூட்டரில் போட்ட படம். அதில் குற்றம் சொல்ல மாட்டேன், கட்டாத வீட்டை வேறு எப்படித்தான் காட்டுவது? பில்டர்கள் எதையெல்லாம் வரையாமல் விட்டார்கள் என்பதுதான் என் கவலை. படத்தில் பால்கனிக்கு நேர் எதிரே ஏரி. நேரில் மனைக்கும் ஏரிக்கும் நடுவே வேறொருவரின் காலிமனை வேலி போட்டுக் கிடக்கிறது. அவர் ஐந்து மாடி எழுப்பினால் ஏரி போச்சு. தெற்கு மூலையை ஒட்டி உயர் அழுத்த மின்கம்பி போகிறது, அந்த இடத்தில் படத்தில் வெறும் வானம். பக்கத்து வீட்டு மதிலில் வெள்ளம் நின்ற கறை என் இடுப்பு உயரத்துக்கு இருக்கிறது. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின்போது நின்ற தண்ணீராம். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்து ஊர், தண்ணீர் வரத்தானே செய்யும்.

ஹால் படத்தையும் நம்பாதே. கம்ப்யூட்டரில் ஒரு சுவரையே எடுத்துவிட்டு அதற்கு வெளியே கேமராவை நிறுத்தலாம். பத்தடி அறையும் கல்யாண மண்டபம் மாதிரி தெரியும். வரைபடத்தில் உள்ள அளவை உன் வீட்டுத் தரையில் டேப் பிடித்துப் பார். கார்ப்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரைப் பரப்பு, எவ்வளவு, யுடிஎஸ், அதாவது நிலத்தில் உன் பிரிக்கப்படாத பங்கு, எவ்வளவு என்று எழுத்தில் கேள்.

படத்தில் காட்டியிருக்கும் அந்தப் பெரிய பூங்கா பற்றியும் கேட்க வேண்டும். மனை 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் 10 சதவீதத்தைப் பொது உபயோகத்துக்கு உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். படத்தில் இருப்பது அந்த நிலம் என்றால் அது ஊருக்குச் சொந்தம். குழந்தைகள் யார் வேண்டுமானாலும் விளையாடட்டும், நல்லதுதான். உங்கள் சொத்து என்று சொல்லி உன்னிடம் காசு வாங்கக் கூடாது.

புரோஷரையும் பில்டர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பியதையும் அழிக்காமல் வை. ரெரா என்கிற 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, விளம்பரத்திலோ மாதிரி வீட்டிலோ காட்டிய தவறான தகவலை நம்பிப் பணம் கட்டியவர் விலகிக்கொள்ள நினைத்தால், கட்டியதை வட்டியோடும் நஷ்ட ஈட்டோடும் திருப்பித் தர வேண்டும். இது தெரிந்துதான் “படங்கள் கற்பனையே, மாறுதலுக்கு உட்பட்டவை” என்று பொடி எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். ஒப்பந்தத்திலும் அதே வரி வரும், கையெழுத்துப் போடுமுன் தேடிப் பார். நீச்சல் குளம், ஜெனரேட்டர், எந்தக் கம்பெனி லிஃப்ட் என்பதெல்லாம் ஒப்பந்தத்தின் இணைப்பில் இருக்க வேண்டும். ஒப்பந்தம் பதிவாகும் முன்னால் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர்கள் கேட்கவே கூடாது.

இன்னொன்று. ரெரா ஆணையம் தந்த பதிவு எண்ணை விளம்பரத்தில் போட்டாக வேண்டும் என்பது சட்டம். நீ அனுப்பிய பக்கங்களில் எனக்கு அது தென்படவில்லை. சனிக்கிழமைக்குள் கட்டினால்தான் இந்த விலை என்கிறார்களாமே, அந்த அவசரத்துக்கு நீ ஆளாகாதே. முதலில் எண்ணைக் கேட்டு வாங்கி அனுப்பு. அங்கீகரித்த வரைபடத்தை ஆணையத்தின் இணையதளத்திலிருந்து எடுத்துக்கொண்டு நான் மறுபடி மனைக்குப் போகிறேன். உன் பிளாக் எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்த பிறகு அட்வான்ஸ் பற்றிப் பேசலாம்.

அன்புடன்,
அப்பா