பெட்டி மூலையில் ஒரு கற்கண்டு: இணையச் சந்தை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பிலிருந்து இணையச் சந்தை நடத்தும் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. வாசித்தால் உங்களுக்கே விளங்கும். உங்களைப் போலச் சந்தை நடத்தும் மற்றவர்களும் இது தங்களுக்குத்தான் என்று எடுத்துக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நான் யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலிருந்து பனையோலைப் பொருள்கள் விற்கிறேன். மூடியோடு வருகிற மூடல்பெட்டி, நீற்றுப்பெட்டி, சுளகு, கடகம். கூடவே புழுக்கொடியல், பனங்கட்டிக் குட்டான், வீட்டில் வறுத்து இடிக்கிற கறித்தூள். பெட்டி இழைப்பவர்கள் வரணிப் பக்கத்தில் ஐந்து பெண்கள். கடை வாடகை கொடுத்துக் கட்டாது என்றுதான் மூன்று வருடத்துக்கு முன் உங்களிடம் வந்தேன். காலியிலும் மாத்தறையிலும் சுளகு தேடி வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள் என்பது உங்களால்தான் எனக்குத் தெரிய வந்தது. அதற்கு நன்றி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஆவணியில் கொழும்பிலிருந்து ஒருவர் முப்பது மூடல்பெட்டி ஓடர் செய்தார். ஒன்று 450 ரூபாய்ப்படி 13,500. முகூர்த்தக் காலம், கல்யாண வீடாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். ஐந்து பேரும் மற்ற வேலையைத் தள்ளி வைத்துவிட்டு, ஓலை வார்ந்து, சாயம் தோய்த்து, பத்து நாளில் முடித்துத் தந்தார்கள். ஒரு பெட்டிக்கு 250 ரூபாய் கூலி. அதை அன்றைக்கே கையில் கொடுத்துவிட்டேன். இழைக்கிறவர்களை உங்கள் கொடுப்பனவு வரும்வரை காக்க வைக்க முடியாது.

பொருள் போய்ச் சேர்ந்து ஆறாம் நாள், வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதே முக்காலுக்குப் போனில் உங்கள் செய்தி வந்தது. ‘விவரித்தபடி இல்லை’ என்று முறைப்பாடு. கூடவே ஒரு படம்: பெட்டிக்குள்ளே அடிமட்டம் வைத்து எடுத்தது, ஏழரை அங்குலம் காட்டுகிறது. நான் எட்டு என்று போட்டிருந்தேன். ஓலைப் பெட்டிக்கு அளவு வெளி விளிம்பில்தான் எடுப்பது. கையால் இழைப்பதால் கால் அங்குலம் முன்பின் ஆகும் என்று விவரணத்திலேயே எழுதியும் இருந்தேன். அதை யார் வாசித்தார்கள்?

பதில் சொல்ல 48 மணித்தியாலம். சனிக்கிழமை காலையில் தமிழில் வடிவாக எழுதி, வெளி விளிம்பை அளந்த படமும் வைத்து அனுப்பினேன். ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதும்படி ஞாயிறு பின்னேரம் திருப்பி அனுப்பினீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பிடித்து ஆங்கிலத்தில் எழுதி முடிப்பதற்குள் நேரம் தாண்டிவிட்டது. திங்கள் காலை காசு வாங்கியவருக்குப் போய்விட்டது. அப்போது பெட்டிகள் கொழும்பை விட்டுக் கிளம்பவே இல்லை.

அடுத்த வாரம்தான் பார்சல் வந்தது. திறந்ததும் சந்தன வாசம். சில மூடிகளில் குங்குமம். ஒரு பெட்டியின் மூலையில், இழைப்பு மடியும் இடத்தில், ஒரு கற்கண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. மேசைக்கு ஒன்றாகக் கற்கண்டும் பூவும் வைத்து நல்ல வடிவாகத்தான் கல்யாணம் செய்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் 28 பெட்டி. இரண்டை யாரோ ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். (அந்த இரண்டு பேர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்காவது பெட்டி பிடித்திருக்கிறது.)

13,500 ரூபாயும், போகவரக் கூரியர் செலவு 1,900 ரூபாயும் என் அடுத்த கொடுப்பனவில் கழிக்கப்பட்டன. அப்பீல் செய்தேன். ‘இந்த முறைப்பாடு முடிக்கப்பட்டுவிட்டது’ என்று ஒரு வரி வந்தது. எழுதியது ஆளா மெஷினா என்று தெரியவில்லை.

அந்த வாங்கியவரைப் பொய்யர் என்று திட்டுவதற்காக இதை எழுதவில்லை. பொய்யை நீங்கள்தான் படிவத்தில் அச்சடித்துக் கொடுத்திருக்கிறீர்கள். ரிட்டேர்ன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ‘மனம் மாறிவிட்டது’ என்று தெரிவு செய்தால் கூரியர் செலவு வாங்கியவர் தலையில். ‘விவரித்தபடி இல்லை’ என்று தெரிவு செய்தால் விற்றவர் தலையில். இரண்டுக்கும் ஒரு விரல் தட்டுத்தான் வித்தியாசம். சத்தியசந்தன்கூட இரண்டாவதைத்தான் தட்டுவான்.

எங்கள் நாட்டுச் சட்டம் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. 1896 ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. விவரணம் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரணத்துக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. அது நியாயம். பொருளைப் பரிசோதித்துப் பார்க்க வாங்கியவருக்கு அவகாசம் கொடுக்க வேண்டும் என்கிறது. அதுவும் நியாயம். ஆனால் பொருள் கைக்கு வந்தபின், அது தன்னுடையதே என்பது போல வாங்கியவர் நடந்துகொண்டால், அதை ஏற்றுக்கொண்டதாகவே கொள்ளப்படும் என்றும் சொல்கிறது. கற்கண்டு போட்டு மேசையில் வைத்தது பரிசோதனையா?

வெளிநாட்டில் இப்படித்தான் என்று உங்கள் ஆள் ஒருவர் ஒரு தடவை போனில் சொன்னார். அக்கா பாரிசில் இருக்கிறாள், கேட்டுப் பார்த்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011 ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைப் பணிப்புரையில் இணையத்தில் வாங்கியதைக் காரணம் சொல்லாமலே திருப்ப 14 நாள் இருக்கிறதுதான். ஆனால் அதே பணிப்புரையில், பொருள் திரும்பி வரும்வரை, அல்லது அனுப்பியதற்கு அத்தாட்சி காட்டும்வரை, விற்றவர் காசைப் பிடித்து வைக்கலாம். அளவுக்கு மேல் பாவித்துப் பெறுமதி குறைந்தால் அந்தக் குறைவு வாங்கியவர் பொறுப்பு. கெதியில் பழுதாகிற சாமான், சொல்லிச் செய்வித்த பொருள், சுகாதாரத்துக்காக மூடி ஒட்டியதை உடைத்தது, இவற்றுக்கு அந்த 14 நாள் உரிமையே கிடையாது. வெளிநாட்டிலிருந்து ஒரு பாதியை மட்டும் இறக்குமதி செய்திருக்கிறீர்கள்.

சாப்பாட்டுச் சாமான் கதை இன்னும் மோசம். ஒரு கிலோ கறித்தூள் ‘உறைப்புக் கூட’ என்று திரும்பி வந்தது. யாழ்ப்பாணத்துத் தூள் உறைக்கத்தான் செய்யும், அதை விடுங்கள். பை வெட்டியிருந்தது. போகும்போது கூரியர் பில்லில் 1.1 கிலோ, வரும்போது 0.7. அந்த இரண்டு பில்லும் உங்கள் கணினியில் இருக்கின்றன. இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கணக்கு வாத்தியார் தேவையில்லை. ஒருவரும் பார்க்கவில்லை. வெட்டிய பையில் இருக்கும் தூளை நான் வேறொருவருக்கு விற்கவும் மாட்டேன், ஆகவே முழுக்க நட்டம்.

பொருள் கைக்கு வந்தபின் காசு தருகிறேன் என்று ஓடர் செய்துவிட்டு, பொருள் வாசலுக்குப் போனதும் போனை எடுக்காதவர்களைப் பற்றி எழுதினால் இன்னொரு மடல் வேண்டும். நானூறு கிலோமீட்டர் போய், நானூறு கிலோமீட்டர் வந்து, நசிந்துபோய்க் கிடக்கிற சுளகு எங்கள் திண்ணையில் ஏழு இருக்கிறது. அவ்வளவுதான் இப்போதைக்கு.

விற்பவர்கள் எல்லோரும் அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளைகள் என்று சொல்ல வரவில்லை. நானே ஒருமுறை நல்லெண்ணெய்ப் போத்தலைச் சரியாகக் கட்டாமல் அனுப்பி, வாங்கிய அம்மாவின் மற்றச் சாமான் எல்லாம் எண்ணெயாகிவிட்டது. அவர் படம் அனுப்பிய அன்றே காசை அனுப்பினேன், மன்னிப்பும் கேட்டேன். வாங்குபவருக்கு ஏமாற்றம் நேர்ந்தால் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது, முறைப்பாடு சொல்ல 1977 என்று ஒரு தொலைபேசி இலக்கம் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும். விற்பவருக்கு அப்படி ஒரு இலக்கம் இல்லை, உங்கள் அப்பீல் பெட்டி ஒன்றுதான்.

ஆகவே நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பொருள் திரும்பி வந்து, நான் திறந்து பார்த்து, படம் அனுப்ப இரண்டு நாள் தாருங்கள். அதற்குப் பிறகு காசைக் கொடுங்கள். நான் இரண்டு நாளில் வாய் திறக்காவிட்டால் தாராளமாகக் கொடுங்கள். கூரியர் செலவு யார் தலையில் என்பதையும் அந்தப் படத்தைப் பார்த்த பிறகே தீர்மானியுங்கள், படிவத்தில் எதைத் தட்டினார்கள் என்பதை வைத்து அல்ல. உணவுப் பை வெட்டியிருந்தால், பழுதானது என்று காட்டினால் தவிர, ரிட்டேர்ன் வேண்டாம்.

அப்புறம் தமிழ். உங்கள் விளம்பரம் தமிழில் வருகிறது, வாங்குகிற பக்கம் தமிழில் இருக்கிறது, விற்பவராகப் பதிய வாருங்கள் என்று கூப்பிட்டதும் தமிழில்தான். வழக்குப் பேசுகிற இடத்தில் மட்டும் தமிழைக் காணவில்லை. 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் ஆட்சி மொழி ஆக்கியது. அது அரசாங்கத்துக்கு, தனியார் நிறுவனத்தைக் கட்டாது என்பீர்கள். இருக்கட்டும். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லையே.

ஓடர் இலக்கம் உங்களிடம் இருக்கிறது. 27 பெட்டியையும் துடைத்து வெயிலில் வைத்து எடுத்துவிட்டோம், குங்குமம் முழுக்கப் போகவில்லை. கற்கண்டு ஒட்டிய பெட்டியை மட்டும் தொடாமல், எறும்பு வராதபடி பொலித்தீன் பைக்குள் கட்டி வைத்திருக்கிறேன். யாராவது பார்க்க வருவதென்றால் முதல் நாளே சொல்லிவிட்டு வாருங்கள். சனிக்கிழமைகளில் ஓலை எடுக்க வரணிக்குப் போய்விடுவேன்.

இப்படிக்கு,
கோப்பாயிலிருந்து பெட்டி விற்கும் ஒருத்தி